மேஜை டிராயரில் விஸ்கான்சின்

பழைய அமெரிக்கப் பேனா வேண்டும் என்று சென்னையில் கடை கடையாக ஏறி இறங்குகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கால்வலிதான். அவை கடையில் இல்லை. லஸ் முனையைச் சுற்றியிருக்கும் பழைய வீடுகளில், தாத்தாவின் மேஜை டிராயரில், காலாவதியான பாஸ்போர்ட்டுக்கும் அறுந்துபோன வாட்ச் வாருக்கும் நடுவே கிடக்கின்றன. எழுதவும் எழுதாது, தூக்கிப் போடவும் மனசு வராது.

ஒரு சனிக்கிழமை காலை அடையாறு காந்தி நகரில் இருந்து மயிலாப்பூருக்குக் கிளம்பியவருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ஓய்வுபெற்ற பொறியாளர். பேனா ரிப்பேர் அவருக்குத் தொழில் இல்லை. ஆனால் தொழிலாக வைத்திருப்பவர்களைவிட அதிக நேரம் அதில்தான் போகிறது என்பது வீட்டில் இருப்பவர்களின் புகார். பெயர் போடக் கூடாது என்பது அவருடைய ஒரே நிபந்தனை. அடையாறுக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் தோண்டிப் போட்டிருப்பதால் ஆட்டோ சந்து சந்தாகச் சுற்றிக்கொண்டு போனது. மயிலாப்பூரில் இவ்வளவு பேனா சேர்ந்ததற்கு வக்கீல் தொழிலைத்தான் கைகாட்ட வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் பெரிய வக்கீல்களில் பலர் குடியிருந்த பேட்டை இது. அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் வீடு லஸ் சர்ச் சாலையில்தான் இருந்தது. வக்கீல் இருந்த இடத்தில் குமாஸ்தா, குமாஸ்தா இருந்த இடத்தில் கணக்கு, எல்லாவற்றுக்கும் மை. கையில் காசு புரண்டவர்கள் பார்க்கரும் ஷேஃபரும் வாங்கினார்கள். மற்றவர்கள் அதை வெளிநாடு போன மாப்பிள்ளையிடம் எதிர்பார்த்தார்கள்.

போய்ச் சேர்ந்த வீட்டில் ஒரு மாமி பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே காய்ந்துபோன ரப்பர் பேண்டுகளுக்கு அடியில் இரண்டு பேனா.

“எங்காத்து மாமா கடைசி வரைக்கும் இதாலதான் கையெழுத்து போட்டார். இனிமே எழுதுமா இது?”

“எழுதும் மாமி. கொஞ்ச நாள் தண்ணியில ஊறணும், உள்ள இருக்கற ரப்பர மாத்தணும். கொண்டு வந்து தரேன்.”

“பாலீஷ் கீலீஷ் போட்டு அவர் பேரை அழிச்சுடாதேங்கோ.”

அடையாறுக்காரர் சிரித்தார். கருப்பு உடலில் இனிஷியலோடு ஒரு பெயர் வெட்டப்பட்டிருந்தது. பேனா வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டிக்கொடுக்கும் வழக்கம் அந்தக் காலத்தில் இருந்தது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் சந்தையில் பெயர் வெட்டிய பேனாவுக்கு விலை குறைவு. நம் ஊரில் அந்தப் பெயரைத் தவிர வேறு எதற்காகப் பேனாவை வைத்திருக்கிறார்கள்?

சட்டைப் பையில் இருந்து லென்ஸை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயருக்குக் கொஞ்சம் தள்ளி, தேய்ந்துபோன ஆங்கில எழுத்துகள்: ‘பார்க்கர் 51, மேட் இன் யு.எஸ்.ஏ.’ அதன் முடிவில் ஒரு 7, பக்கத்தில் ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் ஜாதகம். அக்காலத்துப் பார்க்கர் கம்பெனி ஆண்டின் கடைசி இலக்கத்தைப் பொறித்து, கூடவே புள்ளிகள் வைத்தது. முதல் காலாண்டுக்கு மூன்று புள்ளி. அடுத்தடுத்த காலாண்டில் ஒவ்வொரு புள்ளியாக அச்சில் இருந்து எடுத்துவிடுவார்கள். கடைசிக் காலாண்டில் புள்ளியே இருக்காது. ஏழும் ஒரு புள்ளியும் என்றால் 1947-ன் மூன்றாம் காலாண்டு. ஜூலை முதல் செப்டம்பர். விஸ்கான்சின் மாநிலத்து ஜேன்ஸ்வில்லில் இந்தப் பேனா உருவான அதே மூன்று மாதங்களுக்குள்தான் இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்தது. மாமிக்கு இதைச் சொன்னபோது, “அவருக்கு 48-லயோ 49-லயோ தான் கிடைச்சுது” என்று மட்டும் திருத்தினார்.

பார்க்கர் கம்பெனியின் பிறப்பே ரிப்பேரில் இருந்துதான். ஜார்ஜ் சஃபோர்ட் பார்க்கர் ஜேன்ஸ்வில்லில் தந்தி வாத்தியார். பக்க வருமானத்துக்கு ஜான் ஹாலண்ட் கம்பெனி பேனாக்களை மாணவர்களிடம் விற்றார். அவை மையைக் கக்க, ஒவ்வொன்றாகத் தானே உட்கார்ந்து சரிசெய்துகொடுத்து, கடைசியில் சொந்தமாகவே ஒன்று செய்யலாம் என்று 1888-ல் கம்பெனி தொடங்கினார். கம்பெனியின் 51-ஆவது ஆண்டில் வடிவம் பெற்றதால் அந்த எண்ணையே பெயராக வைத்து, 1941-ல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது பார்க்கர் 51. தொடக்க விலை பன்னிரண்டரை டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் நாற்பது ரூபாய்க்குச் சற்று மேல். நிப்பை முக்காடு போட்டு மூடி, நுனியை மட்டும் வெளியே விட்டிருந்தார்கள். காற்றுப்படாததால் மை காயாது. ஜெர்மனியின் சரணாகதி 1945 மே மாதம் ரீம்ஸ் நகரில் இருந்த ஐசனாவரின் தலைமையகத்தில் கையெழுத்தானபோது அங்கே இருந்ததும் 51-தான். அந்த விளம்பரத்தைப் பார்க்கர் சும்மா விடவில்லை.

டப்பாவில் இருந்த இரண்டாவது பேனா பச்சை நிற ஷேஃபர். மூடியில் வெள்ளைப் புள்ளி, பக்கவாட்டில் ஒரு சின்ன லீவர். அடையாறுக்காரர் அதைக் கட்டைவிரலால் வேகமாகத் தேய்த்து மாமியிடம் நீட்டினார். மாமி முகர்ந்து பார்த்துவிட்டு, “கற்பூரம்னா மணக்கறது!” என்றார். செல்லுலாய்டு செய்ய நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரத்தைத்தான் சேர்க்கிறார்கள். கபாலி கோயிலுக்கு நாலு தெரு தள்ளி இப்படி ஒரு வாசனை வருவதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை என்றாலும், அது அயோவாவின் ஃபோர்ட் மேடிசனில் அடைபட்ட கற்பூரம். கோயில் கற்பூரம் போலவே இதுவும் குபீரென்று பற்றிக்கொள்ளும். பழைய ரிப்பேர்க்காரர்கள் சிலர் மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிப் பேனாவைக் கழற்றுவார்கள்; செல்லுலாய்டு என்று தெரியாமல் காட்டினால் பேனா இருக்காது.

அங்கிருந்து போன தி. நகரில் அதிக வேலை இல்லை. பனகல் பூங்காவைத் தாண்டும் நேரத்தில் பாதியைக்கூட அங்கே இருந்த வீட்டில் செலவழிக்கவில்லை. ஆனால் அந்த வீட்டுக்குப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. 1930-களில் தொடங்கிய ஸ்டெனோகிராஃபர்ஸ் கில்ட் இருப்பது தி. நகரில்தான், அது இருக்கும் தெருவுக்கே கில்ட் தெரு என்று பெயர். சுருக்கெழுத்தும் தட்டச்சும் படித்தால் வேலை நிச்சயம் என்றிருந்த தலைமுறை, அந்தப் பேட்டையில் நிறையவே இருந்தது. பிட்மன் சுருக்கெழுத்தில் கோடு மெல்லியதா தடித்ததா என்பதிலேயே எழுத்து மாறிவிடும். பால் பாயின்டில் அந்த வித்தை நடக்காது. அழுத்தினால் விரிந்து, விட்டால் சேரும் நிப் வேண்டும். அந்த வீட்டில் கிடைத்தது எஸ்டர்புரூக் ஜே. நியூஜெர்சியின் கேம்டனில் 1858-ல் தொடங்கிய கம்பெனி. நிப்பை மரைபோலத் திருகிக் கழற்றி வேறொன்று மாட்டிக்கொள்ளலாம். கணக்கெழுத ஒரு நிப், கிரெக் சுருக்கெழுத்துக்கு 1555 என்று எண் போட்ட ஒரு நிப் என்று வேலைக்கேற்ப விற்றார்கள். தங்கம் கிடையாது, ஸ்டீல்தான். அதனால்தான் பிழைத்தது என்கிறார் அடையாறுக்காரர். தங்க நிப் போட்ட எத்தனையோ பழைய பேனாக்கள் நம் ஊரில் நிப் இல்லாமல்தான் கிடைக்கின்றன. ஒரு கிராம்கூடத் தேறாத 14 காரட், கஷ்டகாலத்தில் ஆசாரியின் தராசுக்குப் போயிருக்கும்.

கூடவே ஒரு 51-ம் இருந்தது. லென்ஸில் பார்த்தால் ‘மேட் இன் இங்லண்ட்’. சசெக்ஸில் உள்ள நியூஹேவன் ஆலைத் தயாரிப்பு. டாலர் தட்டுப்பாடு இருந்த காலத்தில் ஸ்டெர்லிங் நாடுகளுக்குப் பார்க்கர் அனுப்பியது பெரும்பாலும் அங்கிருந்துதான். ‘அமெரிக்கப் பேனா’ என்று மூன்று தலைமுறையாகப் பெருமை பேசிய வீட்டில் இதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிய பிறகு இரண்டுமே கிடைக்காமல், 51-ன் சாயலில் ஷாங்காயில் இருந்து வந்த ஹீரோ பேனாவைப் பரீட்சைக்கு வாங்கியவர்கள்தான் இன்றைக்குச் சேகரிப்பாளர்களாக அலைகிறார்கள். 1969-ல் பர்மா அகதிகளுக்காகத் தொடங்கிய பர்மா பஜாரில் ஹீரோ வாங்காத சென்னைப் பையன் அந்தத் தலைமுறையில் குறைவு.

அடையாறு வீட்டு மாடியில் அவருடைய மேஜை. ஒரு ஹேர் டிரையர், பல் டாக்டர் வைத்திருப்பதுபோன்ற கொக்கிகள், சிரிஞ்சு, பூச்சுப் பவுடர், ஒரு சின்ன பாட்டிலில் அரக்கு. இதுதான் பட்டறை.

ஷேஃபரை முதலில் எடுத்தார். ஹேர் டிரையர் காற்றில் கழுத்துப் பகுதியை மெல்லச் சுடவைத்து, விரலால் தொட முடிகிற சூடு வந்ததும் அழுத்தாமல் அசைத்தார். விட்டது. உடலைக் கவிழ்த்துத் தட்டினால், 1930-களில் மையை உறிஞ்சிக் குடித்த ரப்பர் டியூப் உடைந்த அப்பளமாகக் கொட்டியது. சென்னைச் சூட்டில் ரப்பர் கெட்டியாகும், அல்லது உருகி ஒட்டும். கடற்கரைக்கு அருகில் இருந்த வீடு என்றால் லீவருக்கு உள்ளே இருக்கும் பட்டைக் கம்பியும் துருப்பிடித்திருக்கும். இன்னொரு சேதமும் உண்டு. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பரில் இருந்து கசியும் ஆவி, வெளிர் நிறச் செல்லுலாய்டைப் பழுப்பாக்கிவிடும். இந்தப் பச்சை ஷேஃபரும் மூடி பளிச்சென்று இருக்க, உடல் மட்டும் பழுத்த இலை நிறத்தில் இருந்தது. இதற்கு மருந்து கிடையாது. நிறத்தை மீட்பதாகச் சொல்லிக்கொண்டு தேய்த்தால் எழுத்துதான் போகும்.

புது டியூப் அமெரிக்காவில் இருந்து வருகிறது. அளவு அங்குலத்தில் அறுபத்து நான்கில் எத்தனை பங்கு என்ற கணக்கு. 16 என்றால் 16/64, அதாவது கால் அங்குலம். அதைக் கழுத்தில் மாட்ட எந்த நவீனப் பசையையும் அவர் தொடுவதில்லை. அரக்குதான். ஒட்டும், மைக்கு அசையாது, அடுத்த தலைமுறை ரிப்பேர் செய்யும்போது கொஞ்சம் சூடு காட்டினால் விட்டுவிடும். ஷேஃபரும் வாட்டர்மனும் அமெரிக்காவில் தங்கள் ஆலைகளில் பயன்படுத்தியதும் அரக்கையே. உலகத்துக்கு அரக்கு கொடுத்த நாடு இந்தியா. ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் 1924-லேயே அரக்கு ஆராய்ச்சிக்கென்று தனி நிலையம் தொடங்கினார்கள். ஷேஃபர் வெள்ளைப் புள்ளி போடத் தொடங்கியதும் அதே 1924-ல். இப்போது ஷேஃபர் பிராண்டே பெங்களூரின் வில்லியம் பென் கம்பெனியிடம் வந்துவிட்டது என்பது வேறு கதை.

மாமியின் 51 அவ்வளவு சீக்கிரம் மசியவில்லை. இது வேக்குமேடிக் வகை. டியூப் கிடையாது, உடலே மைத் தொட்டி, வால் பக்கத்தில் இருக்கும் பம்பு, ஒரு சின்ன ரப்பர் சவ்வை இழுத்து இழுத்து விடும். சவ்வு செத்தால் பேனா செத்தது. இரவெல்லாம் தண்ணீரில் நிற்க வைத்தபோது டம்ளரில் முதலில் நீலம் இறங்கியது, பிறகு கருநீலம், மூன்றாம் நாள் ஒரு பச்சை கலந்த கருப்பு. ஒருவருடைய வாழ்க்கையில் எந்த மை எப்போது வந்தது என்று தலைகீழாகப் பார்த்ததுபோல் இருந்தது. பார்க்கரே ‘51’ என்ற பெயரில் ஒரு மை விற்றது. காகிதத்துக்குள் உடனே இறங்கிக் காயும். ஆனால் காரம் அதிகம். லூசைட் உடல் தாங்கும், செல்லுலாய்டு தாங்காது. அதனால் இந்தப் பேனாவில் மட்டும் ஊற்றவும் என்று புட்டியிலேயே எச்சரிக்கை போட்டிருந்தார்கள். நல்லவேளை, அந்த வீட்டில் ஷேஃபருக்கு அதை யாரும் ஊற்றவில்லை.

தி. நகர் 51-ஐ எடுத்துத் தண்ணீரில் நிப்பை முக்கி உள்ளிருந்த பட்டையை அழுத்தினார். குமிழி வந்தது, தண்ணீர் ஏறியது. அவ்வளவுதான், வேலை முடிந்தது. 1948-ல் பார்க்கர் பம்பைக் கைவிட்டு, பிளி கிளாஸ் என்று பெயரிட்ட பிளாஸ்டிக் பையைப் போட்டது. எழுபது ஆண்டு கழித்தும் அது கெடவில்லை. இவருடைய மேஜைக்கு வரும் பேனாக்களில் இதைவிடப் புத்திசாலித்தனமாகச் செய்யப்பட்டது எதுவும் இல்லை என்பது இவருடைய தீர்ப்பு. கெடாத பேனாவில் ரிப்பேர்க்காரனுக்கு என்ன சுவாரசியம் என்று அடுத்த மூச்சிலேயே குறைப்பட்டுக்கொள்கிறார்.

பஃப் மெஷினை அவர் வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. பளபளப்புக்கு ஆசைப்பட்டு மெஷினில் கொடுத்து, ஊர், ஆண்டு, புள்ளி எல்லாம் வழித்தெடுக்கப்பட்ட பேனாக்களை நிறையப் பார்த்தாயிற்று.

அடுத்த பயணம் திருமயிலையில் இருந்து பறக்கும் ரயிலில். கூவத்தின் ஓரமாக வளைந்து போய்க் கோட்டையில் இறங்கினால் உயர் நீதிமன்றச் சிவப்புக் கோபுரங்கள். அதை ஒட்டிய என்.எஸ்.சி. போஸ் சாலையில் இருக்கிறது ஜெம் அண்ட் கோ. 1920-களில் தொடங்கிய பேனாக் கடை. ஒரு பக்கம் கோர்ட்டு, மறுபக்கம் பூக்கடை, நடுவில் பேனா. வக்கீல் வாசலைத் தாண்டாமல் போக முடியாத இடம். சொந்தமாகக் காமா என்ற பெயரில் எபோனைட் பேனாக்களை விற்கிறார்கள். கருணாநிதி பல்லாண்டுகள் எழுதிய வாலிட்டி 69 இங்கிருந்துதான் கோபாலபுரத்துக்குப் போனது. பம்பாய்த் தயாரிப்பு, ஆடம்பரம் ஒன்றும் கிடையாது. முரசொலியில் உடன்பிறப்புகளுக்கு அவர் எழுதிய கடிதங்களையும் வசனங்களையும் சேர்த்துப் பார்த்தால், அமெரிக்காவின் எந்தப் பேனா விளம்பரமும் இப்படி ஒரு சான்றைக் காட்ட முடியாது. மெரினா கடலில் அவருக்காக 134 அடி உயரத்தில் பேனா நினைவுச் சின்னம் வைக்கும் திட்டம் வந்தபோது, எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் ஊரெல்லாம் பேனா பேசினார்கள். நிப் எப்படி எழுதும் என்று மட்டும் யாரும் பேசவில்லை.

இந்தியப் பேனாக்கள் பலவற்றின் வயிற்றில் ரப்பரே இருக்காது. கழுத்தைத் திருகிக் கழற்றி, டிராப்பரால் மையை நேராக உடலுக்குள் ஊற்றுவதுதான் முறை. அமெரிக்கர்கள் இதை 1910-களிலேயே பழங்காலம் என்று ஒதுக்கிவிட்டார்கள். நம் வெயிலில் டியூப் நிலைக்காது, நிலைத்தாலும் மாற்று கிடைக்காது என்பதால் இங்கே அதுவே நின்றது. ஒரே தொல்லை, மை பாதிக்குக் கீழே இறங்கியதும் கைச்சூட்டில் உள்ளே காற்று விரிந்து ஒரு சொட்டு கக்கும். வெள்ளைச் சட்டைப் பையில் நீல வட்டத்தோடு பள்ளிக்கூடம் போனவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எபோனைட் சூட்டை எளிதில் கடத்தாது. அதனால் கக்குவது குறையும்.

எபோனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். லூயிஸ் எட்சன் வாட்டர்மன் 1884-ல் நியூயார்க்கில் காப்புரிமை வாங்கிய பேனாவின் உடல் அதுதான். 1920-களில் ஷேஃபரும் பார்க்கரும் வண்ண வண்ணச் செல்லுலாய்டுக்கு மாறியதும் அமெரிக்காவில் எபோனைட்டுக்கு மதிப்புப் போயிற்று. அதே சமயத்தில் இந்தப் பக்கம், அன்றைய சென்னை மாகாணத்து ராஜமுந்திரியில், காந்தியின் சுதேசிச் சொல்லை நம்பி ரத்னம் பேனா பிறந்தது. லேத்தும் எபோனைட் குச்சியும் போதும், ஆலை வேண்டாம். அந்த வழியில் வந்தவர்களில் இன்று உலகம் அறிந்த பெயர் திருவள்ளூரின் ரங்கா. எம்.எஸ். பாண்டுரங்கன் தொடங்கிய பட்டறை. கையால் கடைந்த எபோனைட் பேனாக்களை வாங்குகிறவர்களில் கணிசமானவர்கள் அமெரிக்கர்கள்.

அடையாறுக்காரரின் கடைசிப் பயணம் அந்த ஊருக்கு. பழைய மூர் மார்க்கெட் நின்ற இடத்தில்தான் இப்போது புறநகர் ரயில் கிளம்புகிறது. பழைய சாமானுக்குப் பேர்போன அந்தச் சந்தை 1985-ல் எரிந்துபோகாமல் இருந்திருந்தால் நம் ஆள் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார். பையில் ஒரு வாட்டர்மன் 52. கருப்பாக இருந்த எபோனைட் வெளிச்சமும் ஈரமும் பட்டுக் காபி நிறத்துக்கு வந்திருந்தது. நிப் தங்கம், அழுத்தினால் பட்டையாக விரிகிறது. மூடி மட்டும் இரண்டாக உடைந்து பாதி தொலைந்துவிட்டது. அமெரிக்காவில் ஒரு மூடிக்காக இன்னொரு முழுப் பேனாவை வாங்கிப் பலி கொடுப்பார்கள்.

ஊரில் ஒரு சின்ன லேத் பட்டறை. எபோனைட் சீவல் தரையெங்கும் சுருண்டு கிடந்தது, கந்தக நெடி. கடைசல்காரர் பேனாவை வாங்கி, மூடி மாட்டும் இடத்து மரையை நகத்தால் நெருடிப் பார்த்தார்.

“பழைய மரை சார். இப்ப நாங்க போடறது இதில்ல.”

“தெரியும்ப்பா. அதுக்குத்தான் வந்தேன். போட முடியுமா?”

“உடைஞ்ச துண்டு இருக்கா?”

இருந்தது. தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அதைக் கொண்டுவந்திருந்தார். கடைசல்காரர் காலிப்பரை வைத்து உள்விட்டம் பார்த்தார், அங்குலத்துக்கு எத்தனை மரை என்று ஒரு கேஜை ஒட்டிப் பார்த்தார், சுவரில் சாய்த்திருந்த எபோனைட் குச்சிகளில் கருப்பு ஒன்றை எடுத்து மூடித் துண்டுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

“நிறம் சேராது. புதுசு கன்னங்கரேல்னு இருக்கும், உங்க பேனா வெளுத்துப் போச்சு.”

“சேர வேண்டாம். புது மூடின்னு தெரியட்டும்.”

“அப்ப பேனாவ விட்டுட்டுப் போங்க. மரைக்குத் தனியா டூல் தீட்டணும். வர்ற வெள்ளிக்கிழமை போன் பண்ணிட்டு வாங்க.”